ஜுப்பாவில் ஓர் இரவு: ஹாயில் பாலைவனத்தில் குளிர்காலக் கூடாரமும் பாறைக் கொத்தோவியங்களும் – முழுமையான வழிகாட்டி

சவூதியில் இருக்கும் ஜுப்பாவுக்கு முதல் தடவை போனது மார்ச் மாதக் கடைசியில். ரியாத்திலிருந்து விடியற்காலம் கிளம்பி, உச்சி வெயிலில் போய் இறங்கினோம். பழுப்புப் பாறை, அதில் கொத்திய ஓர் ஒட்டகம், மங்கலாக இரண்டு மூன்று மாடுகள். இருபது நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டோம். "இதுக்கா அண்ணே எழுநூறு கிலோமீட்டர்?" என்று வண்டியில் ஏறும்போது தம்பி ஒருவன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த ஜனவரியில் அதே பாறை முன் மாலை நாலு மணிக்கு நின்றேன். வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. மார்ச்சில் வெறும் கறை என்று நினைத்த இடத்தில் நீளக் கொம்பு வைத்த மாடு ஒன்று நின்றது. அதன் உடம்பு முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடுகள். அதன் வயிற்றுக்குக் கீழே இன்னொரு சின்ன விலங்கு. பாறை அதேதான், வெளிச்சம்தான் வேறு. அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: இந்த ஓவியங்களைப் பார்க்க வேண்டுமென்றால் காலையிலும் மாலையிலும் அங்கே இருக்க வேண்டும், அதற்கு ஓர் இரவு பக்கத்தில் தூங்க வேண்டும். கூடாரம் போடுவதே அதற்காகத்தான். கீழே சொல்லியிருப்பது எல்லாம் அந்தக் கணக்கில் அமைந்தது.

எந்த இடம், ஏன்

சவூதி அரேபியாவின் வடக்கே நஃபூத் என்ற பெரிய செம்மணல் பாலைவனம். அதற்குள் ஹாயில் நகரிலிருந்து வடமேற்கே சுமார் 100 கி.மீ. தூரத்தில் ஜுப்பா ஊர். ஊரை ஒட்டி உம் சின்மான் மலை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு திமில் வைத்த ஒட்டகம் படுத்திருப்பது போலத் தெரியும், பெயரும் அதனால்தான். மேற்கிலிருந்து வரும் மணலை இந்த மலை மறித்துக்கொள்வதால் அதன் கிழக்கே மணல்மேடு ஏறாத ஒரு பள்ளம் கிடைத்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்னால், மழை அதிகம் பெய்த காலத்தில், அந்தப் பள்ளத்தில் ஏரி இருந்தது. ஏரிக்குத் தண்ணீர் குடிக்க விலங்குகள் வந்தன, விலங்குகளுக்குப் பின்னால் மனிதர்கள் வந்தார்கள். மாடு மேய்த்த ஊர் அது என்பது இன்று அந்த மணலைப் பார்த்தால் நம்ப முடியாது. பாறையைப் பார்த்தால் நம்பலாம்.

ஹாயிலுக்குத் தெற்கே ஏறக்குறைய 250 கி.மீ. தள்ளி ஷுவைமிஸ். எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல் வெளிகளுக்கு நடுவே மன்ஜூர், ராத் என்று இரண்டு மலைகள். ஜுப்பாவையும் ஷுவைமிஸையும் சேர்த்து 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

எப்போது போவது

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரிக் கடைசி வரை. குளிர்காலத்தைச் சொல்வது வெயிலுக்குப் பயந்து மட்டும் இல்லை. டிசம்பர் கடைசியில் ஜுப்பாவில் நண்பகல் சூரியன்கூட அடிவானத்திலிருந்து 39 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. அதாவது நாள் முழுக்கச் சாய்வு வெளிச்சம். உதயம் காலை 7 மணி சுமாருக்கு, அஸ்தமனம் மாலை ஐந்தரை வாக்கில். இரவு பதிமூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும், அதற்குத் தயாராக வாருங்கள்.

வெள்ளி ஒரு நாள் மட்டும் லீவு உள்ளவர்களுக்கு இந்தப் பயணம் ஆகாது. வெள்ளி, சனி இரண்டும் வேண்டும், இன்னொரு நாள் சேர்ந்தால் நல்லது. பிப்ரவரி 22, சவூதி அரசு நிறுவப்பட்ட தின விடுமுறை, வாரக் கடைசியை ஒட்டி வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மழை நன்றாகப் பெய்த வருடமாக இருந்தால் அந்தச் சமயத்தில் மணலில் பச்சையும் ஊதாப்பூவும் படர்ந்திருக்கும். அமாவாசையை ஒட்டிப் போனால் நட்சத்திரம், பௌர்ணமி என்றால் மணல்மேட்டின் நிழல். எனக்கு அமாவாசைதான் பிடிக்கும்.

ஆட்கள், வண்டி, வழி

நாலிலிருந்து ஆறு பேர், இரண்டு வண்டி. ஒரே வண்டியில் மணலுக்குள் போகவே கூடாது, இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. தார் ரோட்டை ஒட்டித் தங்குவதானால் சாதாரணக் கார் போதும், ஆனால் ரோட்டை விட்டு நூறு மீட்டர்கூட இறங்காதீர்கள். உள்ளே போக ஃபோர் வீல் டிரைவ் வேண்டும், அதை மணலில் ஓட்டிப் பழகிய கையும் வேண்டும்.

அரபி பேசத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எங்களோடு வந்த கீழக்கரைக்காரர் ஒருவர் பகாலா என்ற மளிகைக் கடைக்காரரிடம் சலாம் சொல்லி இரண்டு வார்த்தை பேசியதில், எந்தப் பக்கம் மணல் இறுக்கமாக இருக்கும், எங்கே போகக் கூடாது என்று எல்லாம் தெரிந்துவிட்டது. பாலைவனத்தில் கூடிச் சமைத்துச் சாப்பிட்டு இரவு கழிப்பதை சவூதிக்காரர்கள் 'கஷ்தா' என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாலே போதும், முகம் மலர்ந்து வழி சொல்வார்கள். காபி குடிக்கக் கூப்பிட்டால் போய் உட்காருங்கள்.

ரியாத்திலிருந்து புரைதா வழியாக ஹாயில் 650 கி.மீ. சுமார். அதிகாலையில் கிளம்பினால் மதியச் சாப்பாடு ஹாயிலில். வண்டி இல்லாதவர்கள் ரியாத்திலிருந்து ஹாயிலுக்கு ரயிலில் வந்து, அங்கே வாடகை வண்டி எடுக்கலாம். ஹாயிலில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், ஜுப்பாவிலும் பங்க் கண்டால் மறுபடி. மணலில் பெட்ரோல் ரோட்டில் குடிப்பதைவிட அதிகம் போகும். இருட்டிய பிறகு வண்டி ஓட்ட வேண்டாம். கருத்த ஒட்டகம் ரோட்டில் நின்றால் ஹெட்லைட்டில் கடைசி நொடியில்தான் தெரியும். கால்கள் உயரம் என்பதால் மோதினால் உடம்பு நேராகக் கண்ணாடியில் வந்து விழும்.

எல்லோரும் இகாமா என்ற குடியிருப்பு அட்டை, லைசன்ஸ், வண்டியின் பதிவு அட்டையான இஸ்திமாரா கையில் வைத்திருக்க வேண்டும். செக்போஸ்டில் கேட்பார்கள். நீங்கள் கூடாரம் போட நினைக்கும் பகுதி அரச பாதுகாப்பு வனப்பகுதிக்குள் வருகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். அங்கே அனுமதி வாங்கித்தான் தங்க வேண்டும். டிரோன் பறக்கவிடவும் தனி அனுமதி வேண்டும்.

மூட்டையில் என்ன

தண்ணீர்: ஆளுக்கு ஒரு நாளுக்குக் குடிக்க 4 லிட்டர், சமைக்கவும் கழுவவும் இன்னும் 2 லிட்டர். இரண்டு நாள் பயணத்துக்கு மூன்று நாள் தண்ணீர் ஏற்றுங்கள். குளிரில் தாகம் தெரியாது, அதனால் குடிக்காமல் விட்டுத் தலைவலியோடு படுப்பார்கள். ஞாபகப்படுத்தி ஞாபகப்படுத்திக் குடிக்க வைக்க வேண்டும்.

வண்டிக்கு: மண்வெட்டி, இழுவைப் பட்டை, காற்றடிக்கும் கம்ப்ரஸர், காற்று பார்க்கும் கருவி, ஸ்டெப்னி, ஜம்பர் கேபிள், தீயணைப்பான். வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி போனில் இறக்கி வையுங்கள். மணல்மேட்டுக்குப் பின்னால் சிக்னல் போய்விடும். ரியாத்தில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் எங்கே தங்குகிறோம், எத்தனை மணிக்குத் திரும்பி ரோட்டுக்கு வருவோம் என்று சொல்லிவிட்டு, வந்ததும் போன் செய்யுங்கள். செம்பிறைச் சங்க ஆம்புலன்ஸ் 997, தீயணைப்பு, மீட்புக்கு சிவில் டிஃபென்ஸ் 998.

குளிருக்கு: ஹாயில் பகுதியில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 5 பாகை செல்சியஸுக்குக் கீழே போவது சாதாரணம், சில இரவுகளில் பூஜ்ஜியத்தைத் தொடும். காற்றும் சேர்ந்தால் எலும்பைக் குடையும். ஊட்டிக்கு எடுத்துப்போகும் ஒரு ஸ்வெட்டர் காணாது. பூஜ்ஜியம் பாகைக்குத் தாங்கும் தூக்கப்பை, உள்ளே தெர்மல், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, குரங்குக் குல்லா. சந்தையில் விற்கும் ஃபர்வா என்ற ஆட்டுரோம அங்கி ஒன்று வாங்கிக்கொண்டால் பத்து வருடம் வரும், இரவில் உட்கார்ந்து பேச அதைவிட நல்லது இல்லை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: குளிர் மேலே இருந்து வருவதைவிடக் கீழே இருந்துதான் அதிகம் வரும். மணல் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நல்ல தூக்கப்பை வாங்கி, கீழே மெல்லிய பாயைப் போட்டுப் படுத்தவர் இரவு முழுக்க நடுங்கினார். பகாலாவில் கேட்டால் காலி அட்டைப்பெட்டிகளைச் சும்மா தருவார்கள். பிரித்து இரண்டடுக்காக விரித்து, அதன் மேல் ஃபோம் பாய், அதன் மேல் தூக்கப்பை. இவ்வளவு போதும்.

சாப்பாடு: முதல் நாளுக்குக் கட்டுச்சோறு. நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிச்சோறும் பருப்புத் துவையலும் இந்தக் குளிரில் மறுநாள் மதியம் வரைகூட நிற்கும். இரவுக்கு ஹாயிலில் கோழி வாங்கி கேஸ் அடுப்பில் குழம்பு, அதோடு சாப்பிட குப்பூஸ் என்ற அரபு ரொட்டி. காலையில் சுக்குக் காபி, அதற்குக் கருப்பட்டியை ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வையுங்கள்.

கூடாரம் போடும் இடம்

மூன்று மணிக்கெல்லாம் இடம் பார்த்துவிடுங்கள். மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 35-லிருந்து 18 பிஎஸ்ஐ வரை குறையுங்கள். டயர் அகலமாகப் படுத்துக்கொள்ளும், வண்டி மணல் மேல் மிதந்து போகும். மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி கீழேதான் போகும். உடனே நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னால் மணலைத் தோண்டி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். எங்களுக்கு ஒரு தடவை இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. காற்றைக் குறைக்காமல் இறங்கியதுதான் காரணம்.

வாதி என்று சொல்லும் காட்டாற்றுப் படுகையில் கூடாரம் போடவே கூடாது. அது தட்டையாக, காற்று மறைவாக, செடி கொடியோடு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எங்கோ அறுபது கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழை, வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். பாலைவன மழை பெரும்பாலும் இந்தக் குளிர்மாதங்களில்தான். மணல்மேட்டின் உச்சியும் வேண்டாம், காற்று. பாறையின் அடியும் வேண்டாம், மேலிருந்து கல் விழலாம், அதைவிட முக்கியம், புகை ஓவியத்தில் படியும். மேட்டின் காற்று மறைவுப் பக்கம், அடிவாரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, தரை சற்று உயர்ந்த இடம் சரி. வேலி போட்ட பாதுகாப்பு எல்லைக்குள் தங்க அனுமதி இல்லை, அதிலிருந்து நன்றாகத் தள்ளிப் போடுங்கள்.

மணலில் சாதாரண முளை நிற்காது. சாக்குப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டிப் புதைத்துவிட்டால் அசையாது. கூடார வாசல் காற்று அடிக்காத பக்கம் இருக்கட்டும்.

விறகை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். உள்ளூர் மரத்தை வெட்டுவதும் அந்த விறகை விற்பதும் அங்கே குற்றம். கடையில் இறக்குமதி விறகு கட்டுக்கட்டாகக் கிடைக்கும். தரையில் நேரடியாகத் தீ மூட்டாமல் இரும்புத் தட்டில் மூட்டுங்கள். புல்லும் செடியும் உள்ள தரையில் மூட்டினால் அபராதம் உண்டு.

இரவு

கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். தீ தணிந்து சிவந்திருக்கும் கரியும் கார்பன் மோனாக்ஸைடைக் கக்கும். அதற்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் "கொஞ்ச நேரம்தான் மச்சான், கதகதப்புக்கு" என்று தட்டைத் தூக்கிவிட்டார். கூட இருந்தவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த இடத்தில் மட்டும் நட்பு, மரியாதை எதுவும் பார்க்கக் கூடாது. கதகதப்பு வேண்டுமென்றால் வெந்நீரைப் போத்தலில் ஊற்றி, துணியைச் சுற்றித் தூக்கப்பைக்குள் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். விடியும்வரை சூடு இருக்கும். காற்றுத் துளையைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் மூச்சு நீராகிக் கூரையிலிருந்து சொட்டும்.

செருப்பையும் ஷூவையும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள். குளிரில் தேளும் பாம்பும் வெளியே அலைவது குறைவு, ஆனால் கல்லுக்கு அடியிலும் விறகுக் கட்டுக்குள்ளும் ஒண்டியிருக்கும்.

பாறை முன்னால்

காலை ஆறு மணிக்கு எழுந்து, காபி போட்டு, வெயில் வந்ததும் தளத்தின் வாசலில் நிற்பது போலக் கிளம்புங்கள். திறக்கும் நேரத்தை முந்தின நாளே காவலரிடம் கேட்டு வையுங்கள்.

நம்மூரில் விழுப்புரம் பக்கம் கீழ்வாலையில் பார்த்திருப்பீர்கள், அது செங்காவியால் தீட்டியது. இது அப்படி இல்லை. இங்கே வண்ணமே கிடையாது. பாலைவனத்தின் மணற்கல் மேல் ஆயிரக்கணக்கான வருடங்களில் களிமண், இரும்பு, மாங்கனீசு சேர்ந்து ஒரு கருந்தோல் படியும். கடினமான கல்லால் அதைக் கொத்தினால் உள்ளே இருக்கும் வெளிர் நிறம் தெரியும். வீட்டில் அம்மி கொத்தியதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: புள்ளி புள்ளியாக உளி இறங்கிய அதே தடம். கொத்தோவியம் என்று சொன்னால்தான் சரியாக இருக்கும்.

கொத்திய இடத்திலும் அந்தக் கருந்தோல் மெல்ல மெல்லத் திரும்பப் படியும். அதனால் பார்க்கும் முறை இதுதான்: முதலில் ஐந்து நிமிடம் தள்ளி நின்று, பாறையின் நிறத்தோடு கலந்துபோனதைத் தேடுங்கள். அதுதான் பெரும்பாலும் மிகப் பழையது. பளிச்சென்று தெரிவது பிற்காலத்தது. ஒன்றின் மேல் ஒன்று கொத்தியிருந்தால் எந்தக் கோடு எதை வெட்டிப் போகிறது என்று பாருங்கள். வெட்டுவது பின்னால் வந்தது. ஒரே பாறையில் அடியில் மாடு, அதன் மேல் வரையாடு, அதற்கும் மேல் ஒட்டகம் என்று வந்தால், ஏரி வற்றி மணல் வந்த கதையை நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மாட்டுக்குப் புல் வேண்டும், ஒட்டகம் முள்செடியிலும் பிழைக்கும்.

இடையிடையே எழுத்துகளும் வரும். பண்டைய வட அரேபிய எழுத்துகள், பொதுவாகத் தமூதிக் என்பார்கள். பெரும்பாலும் ஆள் பெயர்கள், சின்ன வேண்டுதல்கள். பக்கத்திலேயே வட்டம், கோடு, கொக்கி போன்ற குறிகள் இருந்தால் அவை வஸ்ம், குலத்தின் ஒட்டகத்துக்குச் சூடு போடும் அடையாளம். ஜுப்பாவில் இரண்டு குதிரை பூட்டிய தேர் ஒன்றையும் தேடிப் பாருங்கள். மேலிருந்து பார்த்தது போலச் சக்கரங்களைத் தட்டையாக விரித்துக் கொத்தியிருக்கிறார்கள். நெருப்புக்கோழியும் உண்டு. அரேபிய நெருப்புக்கோழி இருபதாம் நூற்றாண்டில்தான் அற்றுப்போனது.

தொடாதீர்கள். கையின் எண்ணெயும் வியர்வையும் அந்தத் தோலைக் கெடுக்கும். கோடு தெரியட்டும் என்று தண்ணீர் தெளிப்பது, சாக்பீஸால் வரைவது, காகிதம் வைத்துத் தேய்த்து எடுப்பது எல்லாமே சேதம். மங்கலாக இருந்தால் வெள்ளைத் தெர்மோகோல் அட்டையோ சமையல் அலுமினியத் தாளோ பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் திருப்புங்கள். ஒருவர் பிடிக்க, மற்றவர் பார்க்க. கொஞ்சம் கொஞ்சமாகக் கோணத்தை மாற்றும்போது காலில்லாமல் இருந்த மாட்டுக்குக் கால் வரும். இதை நண்பர்களோடு செய்வதில் உள்ள சந்தோஷம் தனியாகப் போனால் கிடைக்காது. ஒருவர் கண்ணுக்குப் படாதது இன்னொருவருக்குப் படும்.

வேலிக்கு வெளியே, கூடாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பாறைகளிலும் கொத்தோவியம் கண்ணில் படலாம். படம் எடுங்கள், ஆனால் இடத்தைக் குறித்து இணையத்தில் போடாதீர்கள். காவல் இல்லாத பாறையில் பெயர் கிறுக்க ஒரு ஆள் போதும். புதிதாக எதையாவது கண்டதாகத் தோன்றினால் சவூதியின் பாரம்பரிய ஆணையத்துக்குத் தெரிவியுங்கள். தரையில் கிடக்கும் கல் ஆயுதம், ஓட்டுச்சில் எதையும் பைக்குள் போடக் கூடாது. சட்டப்படியும் குற்றம், தவிர இடத்தை விட்டு நகர்ந்த கல்லுக்குக் கதையும் போய்விடும். நஃபூதின் தெற்கு ஓரத்து மலைகளில் ஆளுயரத்துக்கு மேல் கொத்தப்பட்ட ஒட்டகங்களுக்குச் சுமார் 12,000 வயது என்று 2025-ல் ஆய்வாளர்கள் சொன்னது, பாறைக்குக் கீழே மண்ணில் புதைந்திருந்த கொத்துக் கல்லையும் அந்த மண்ணடுக்கின் வயதையும் வைத்துத்தான்.

ஷுவைமிஸ் சேர்க்கலாமா

மூன்று நாள் இருந்தால் சேருங்கள், இரண்டு நாள் என்றால் ஜுப்பாவோடு நிறுத்துங்கள். அவசர அவசரமாக இரண்டையும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே போகும் பாதை எப்படி இருக்கிறது, தளம் திறந்திருக்குமா என்பதை ஹாயிலிலேயே விசாரித்துவிடுங்கள்.

அங்கே பார்க்க வேண்டியது நாய்கள். வில்லை இழுத்தபடி ஒரு வேட்டைக்காரன், அவனைச் சுற்றி 13 நாய்கள். காது விறைத்து, வால் சுருண்டு, ஒவ்வொன்றுக்கும் உடம்பில் வேறு வேறு திட்டு. இரண்டு நாய்களின் கழுத்திலிருந்து ஒரு கோடு அவன் இடுப்புக்குப் போகிறது. நாயைக் கயிற்றில் கட்டிய மனிதனின் மிகப் பழைய படங்களில் இது ஒன்று. எட்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். திட்டுகளை அவ்வளவு கவனமாகக் கொத்தியவனுக்கு அந்த நாய்கள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பக்கத்துப் பாறைகளில் சிங்கமும் சிறுத்தையும் உண்டு, நிதானமாகத் தேடுங்கள்.

கிளம்பும்போது

குப்பையை எண்ணிப் பையில் கட்டி ஊர் வரை கொண்டுவாருங்கள், முட்டை ஓடு, வெங்காயச் சருகு உட்பட. கழிப்பிடக் குழி ஒரு முழம் ஆழமாவது இருந்து, மூடியிருக்க வேண்டும். பயன்படுத்திய காகிதத்தைப் புதைத்தால் காற்று தோண்டி எடுத்துவிடும், அதையும் பையில் போடுங்கள். சாம்பல் முழுக்க ஆறியதைக் கையால் தொட்டுப் பார்த்து, குப்பையோடு சேருங்கள்.

ரோட்டில் ஏறும் முன் நாலு டயருக்கும் காற்றை 35-க்கு ஏற்றுங்கள். குறைந்த காற்றோடு 120-ல் ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கும். அப்புறம் ரியாத் நண்பருக்கு போன். ஜுப்பாவிலிருந்து மதியம் பன்னிரண்டுக்குள் கிளம்பினால், இருட்டும்போது புரைதா இருக்கும் அல்கசீம் பக்கம் வெளிச்சமும் வேலியும் உள்ள பெரிய ரோட்டுக்கு வந்திருப்பீர்கள். மாலை வெளிச்சத்தையும் இன்னொரு தடவை பார்க்க ஆசை என்றால், அன்றிரவு ஹாயிலில் அறை எடுத்துத் தங்கிவிட்டு விடிந்ததும் கிளம்புங்கள். நான் இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன்.